‘ஷையார்’ என்றொரு பாட்டா

அண்ணாச்சி பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வம்சாவளி பற்றித்தான். புது டைரி கைக்கு வந்ததும் எல்லாருக்கும் கொள்ளுத் தாத்தா ஞாபகம் வந்துவிடுகிறது போல. நாற்பது வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான் (எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், அதையே ஆதாரம் என்பார்கள்). பழைய காகிதம் என்றால் எனக்கும் ஒரு பைத்தியம் உண்டு. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

போன ஜனவரி 1-ம் தேதி, ‘இந்த வருஷத்துக்குள் ஏழு தலைமுறை வம்சாவளியை முடிப்பது’ என்று டைரியில் எழுதினேன். சார்ட் பேப்பர், கலர் பேனா எல்லாம் வாங்கினேன். பங்குனிக்கு முன்பே வேலை நின்றுவிட்டது, மூன்று தலைமுறைகூடத் தாண்டவில்லை. இந்த வருஷமும் அதையே எழுதலாமா அண்ணாச்சி? – வாசகி, பாறசாலை

வேண்டாம் மக்களே. ஏழு தலைமுறை என்று வாயால் சொல்வது லேசு. உங்களை முதலாவதாக வைத்து எண்ணினால் ஏழாவது படியில் மட்டும் 64 பேர், எல்லாரையும் சேர்த்தால் 127. நம் பக்கம் மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்வதால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்து நின்று இந்தக் கணக்கைக் கொஞ்சம் குறைத்துவிடுவார், அது வேறு விஷயம். ஆனாலும் நூறு பேரைத் தேட வேண்டும் என்று டைரியில் எழுதிவிட்டால் திங்கட்கிழமை காலையில் எழுந்து எங்கே போவீர்கள்? அதனால்தான் பங்குனிக்கு முன்பே நின்றது, சோம்பலால் அல்ல.

வருஷத்துக்கு ஒரு கேள்வி போதும். ‘அப்பாவைப் பெற்ற ஆச்சியின் அம்மா எந்த ஊர்க்காரி?’ இப்படி, ஒரு ஆளைப் பற்றி ஒரே கேள்வி. அதற்குக் கீழே, அந்தக் கேள்விக்காக இந்த வருஷம் நீங்கள் செய்யப் போவதை மட்டும் எழுதுங்கள்: யார் யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எந்த ஆபீசுக்கு ஒரு தடவை போய்வரப் போகிறீர்கள். பதில் கிடைப்பது நம் கையில் இல்லை, அது கரையான் விட்டு வைத்ததைப் பொறுத்தது. நாலு பேரைப் பார்த்தேனா இல்லையா என்பது நம் கையில் இருக்கிறது, டிசம்பரில் அதைக் கணக்குப் பார்க்கலாம்.

முதலில் ஆட்கள், அப்புறம் காகிதம். குடும்பத்தில் 75 வயது தாண்டியவர்களின் பட்டியல் ஒன்று போடுங்கள், சித்திரைக்குள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். ஆபீஸ் அலமாரி அடுத்த வருஷமும் அங்கேயே நிற்கும். போய் உட்கார்ந்ததும் ‘நம்ம குடும்ப வரலாற்றைச் சொல்லுங்க’ என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் பதில் வரும். என் சின்னம்மைக்கு அப்போது வயது 84. போனை எதிரில் வைத்துக் கேட்டபோது, மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிற்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டாள். போனை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ‘பழைய வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் யார் பக்கத்தில் யார்?’ என்று கேட்டேன். வலது கையைத் தரையில் நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு இலைக்கும் ஒரு தட்டுத் தட்டி, வரிசையாக ஒன்பது பேரைச் சொன்னாள். ஏழாவது இலையில் ஒரு அத்தை. கல்யாணமான ஆறாம் மாதம் இறந்துபோனவளாம், எங்கள் தலைமுறையில் யாருக்கும் அவள் பெயர்கூடத் தெரியாது.

வருஷமும் அப்படித்தான். எந்த ஆண்டில் பிறந்தீர்கள் என்றால் தெரியாது. ‘கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டில் சேர்ந்தபோது எத்தனாம் கிளாஸ்?’ என்றால் டக்கென்று வரும். அது 1956 நவம்பர் 1, அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொள்ளலாம். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்பதை ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எழுதுங்கள். அடுத்த வருஷம் பெரியம்மை வேறு கதை சொல்லும்போது யாருடையதை நம்புவது என்று முடிவு செய்ய அதுதான் உதவும்.

பாட்டனார் செங்கோட்டையில் பிறந்தவர். வீட்டில் இருக்கும் பத்திரத்தில் வருஷம் 1101 என்று இருக்கிறது. நடுநடுவே புரியாத குறிகள். தென்காசியில் விசாரித்தால் அவ்வளவு பழையது இங்கே இல்லை என்கிறார்கள். இந்த வருஷம் எங்கே தொடங்குவது? – வாசகர், செங்கோட்டை

1101 என்பது கொல்லம் ஆண்டு, மலையாள நாட்டுக் கணக்கு; குலோத்துங்க சோழன் காலத்துக்கெல்லாம் போய்விடாதீர்கள். மாற்றுவது சுலபம். பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கொல்லம் வருஷம் ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை, அதாவது டிசம்பர் முடிகிற வரை, 824-ஐக் கூட்டுங்கள். அதற்குப் பிறகு ஆடி முடிய 825. அப்படியானால் 1101 ஆவணி என்பது 1925 ஆகஸ்ட், 1101 தை என்பது 1926 ஜனவரி. பத்திரத்தில் மகரம், கும்பம் என்று மலையாள மாதப் பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம்: மகரம் தை, கும்பம் மாசி, இப்படியே வரிசையாக எண்ணிக்கொண்டு போகலாம்.

குறிகளுக்கு வருகிறேன். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ நாள். எண்ணைத் தமிழில் எழுதியிருந்தால் ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. இன்னொன்று இருக்கிறது, ௸. அதற்கு ‘மேற்படி’ என்று அர்த்தம். பின்னாளில் அதைப் பார்ப்பதற்கு ஒத்திருந்த ‘ஷை’ என்ற எழுத்தாலேயே எழுதவும் அச்சடிக்கவும் செய்தார்கள். இதில் எங்கள் வீட்டிலேயே ஒரு கூத்து நடந்தது. பெரியப்பா ரிட்டையர் ஆன கையோடு வம்சாவளி வரைய உட்கார்ந்தார். பத்திரத்தில் ‘ஷையார் மகன்’ என்று இருந்தது. மேற்படியாரின் மகன் என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். அவரோ ஷையார் என்று ஒரு பாட்டாவையே, அதாவது தாத்தாவையே, உண்டாக்கி, பெட்டி கட்டி, கோடு போட்டு, ஃபிரேம் மாட்டிச் சுவரில் தொங்கவிட்டுவிட்டார். நான் போய்ப் பார்க்கும்வரை மூன்று வருஷம் அந்த ஷையார் எங்கள் குடும்பத்தில் இருந்தார். ஒரு கல்யாணப் பத்திரிகையில்கூட ஏற இருந்தார், நல்ல வேளை.

தென்காசி சமாசாரத்துக்கு வருவோம். எல்லை ஊர்க்காரர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, அந்த வருஷத்தில் அந்த ஊர் யார் கையில் இருந்தது என்பதுதான். ஊர் நகராது, எல்லை நகரும், காகிதம் பழைய எஜமானிடமே தங்கிவிடும். 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை திருநெல்வேலி ஜில்லாவுக்கு வந்தது. உங்கள் ஊரில் சங்கு முத்திரையோடு நிற்கிற வளைவைத் தினமும் பார்க்கிறீர்களே, அது திருவிதாங்கூரின் வாசல். ஆகவே 1101-ன் அரசாங்கக் காகிதங்களைத் தேட வேண்டிய இடம் திருவனந்தபுரம், அங்கே மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்காரர்களுக்கும் இதே பதில். ஆந்திர எல்லையில் திருத்தணி, பள்ளிப்பட்டுக்காரர்கள் 1960 ஏப்ரல் 1-க்கு முந்தியதைச் சித்தூர் ஜில்லாக் கணக்கில் தேட வேண்டும். அதற்கும் முன்னால், 1911-ல் சித்தூர் ஜில்லாவே உண்டாவதற்கு முன், அந்த ஊர்கள் வட ஆர்க்காடு. ஒரே வீட்டுக்கு மூன்று ஜில்லா!

உங்களுக்கு இந்த வருஷ வேலை இவ்வளவுதான்: அந்த ஒரு பத்திரத்தை முழுக்கப் படித்து, அதில் வரும் பெயர், ஊர், நான்கு எல்லை எல்லாவற்றையும் ஒரு தாளில் எடுத்து எழுதுங்கள். எல்லை சொல்கிற இடத்தில் ‘இன்னாருடைய நிலத்துக்கு வடக்கு’ என்று வருகிறதே, அந்த இன்னார் பெரும்பாலும் பங்காளியாக இருப்பார். காப்பகத்துக்கு இந்தத் தாளோடு போங்கள், வெறுங்கையோடு போனால் டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நாலு தலைமுறையாகத் தோட்டத்தில் இருக்கிறோம். பட்டா, பத்திரம் எதுவும் கிடையாது. ‘திருநெல்வேலிப் பக்கம்’ என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. எங்களுக்கெல்லாம் வம்சாவளி உண்டா? – வாசகர், மூணாறு

என்ன இப்படிக் கேட்டுவிட்டீர்கள். நிலம் இருந்தவனுக்குத்தான் பாட்டன் இருந்தானா?

குலதெய்வம் எதுவென்று வீட்டில் கேளுங்கள். சாஸ்தா பெயரோ, மாடன் பெயரோ, அம்மன் பெயரோ ஒன்று வரும், கூடவே ஒரு ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டு வரும். தெற்கத்தி ஜில்லாக்களில் பங்குனி உத்திரத்தன்று அவரவர் சாஸ்தா கோவிலுக்குப் போவது வழக்கம், அன்றைக்கு ஒரே பாட்டன் வழி வந்தவர்கள் சென்னை, பம்பாய் என்று எங்கே இருந்தாலும் அந்தக் காட்டுக் கோவிலில் வந்து பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் இலக்கை நான் எழுதித் தரட்டுமா? ‘இந்தப் பங்குனி உத்திரத்துக்குக் கோவிலுக்குப் போவது. வரிப் புத்தகத்தைப் பார்ப்பது.’ கொடைக்கு (கோவில் திருவிழாவுக்கு) வரி பிரிக்கும் கோவில்களில் தலைக்கட்டு வாரியாக நோட்டு வைத்திருப்பார்கள். பழைய நோட்டில் உங்கள் பாட்டன் பெயரோ, அவர் அண்ணன் தம்பி பெயரோ இருக்கலாம். நோட்டு இல்லாவிட்டாலும் பூசாரி இருப்பார், அவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே யார் எந்த வகையறா என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுவார்.

அங்கே லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலும்) வேலை இருக்கிறது. கங்காணிகள் ஆள் சேர்த்தது பெரும்பாலும் சொந்த ஊரிலும் பக்கத்து ஊரிலும்தான், அதனால் உங்கள் பாட்டனோடு மலையேறிய மற்றக் குடும்பங்களுக்குத் தங்கள் ஊர் தெரிந்தால் உங்கள் ஊரும் கிட்டத்தில்தான் இருக்கும். அப்பா, அம்மா ஓய்வு பெற்றபோது கிடைத்த பிஎஃப் காகிதங்களில் பெயர், அப்பா பெயர், வாரிசு பெயர் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரியவர்களிடம் காலம் கேட்கும்போது ‘தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு முந்தி வந்தாரா, பிந்தி வந்தாரா?’ என்று கேளுங்கள். அது கொல்லம் 1099 கர்க்கடகம், நம் ஆடி, 1924-ல் வந்தது. மூணாற்றில் ஓடிய குண்டளா பள்ளத்தாக்கு ரயிலையே அடித்துக்கொண்டு போன வெள்ளம், மூணாற்றில் அதைக் கேள்விப்படாத குடும்பம் இருக்காது.

என் பூட்டனார் பெயருக்கு முன்னால் உள்ள முதலெழுத்து அவருடைய அப்பா பெயரோடு பொருந்தவில்லை. இரண்டு வருஷமாக இதிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். – வாசகர், பூதப்பாண்டி

அப்பா பக்கமே தேடிக்கொண்டிருக்கிறீர்கள், மாமன் பக்கம் பாருங்கள். நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழி இருந்த குடும்பங்களில் சொத்து அக்காள் தங்கை மக்களுக்குத்தான் போகும். வீட்டுக்குத் தலைவர் காரணவர், அம்மாவின் அண்ணனோ அம்மாவைப் பெற்றவளின் தம்பியோ. அந்தக் காரணவர் பெயர் முதலெழுத்தாக வந்து உட்கார்ந்திருக்கலாம். சொந்த மக்களுக்கு ‘உகந்துடைமை’ என்று கொஞ்சம் கிடைத்ததும் உண்டு, அந்தச் சொல் பத்திரத்தில் கண்ணில் பட்டால் அது அப்பா வழிக்கான தடம்.

திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது 1926-ல். அதற்குப் பிறகு வீடுகள் பாகம் பிரிய ஆரம்பித்தன. அந்தப் பாகபத்திரங்களில் குடும்பத்தில் உள்ள அத்தனை பேரையும், கைக்குழந்தை உட்பட, உறவுமுறை சொல்லி எழுதியிருப்பார்கள். கொல்லம் 1101-லிருந்து ஒரு பத்து வருஷத்துக்குள் உங்கள் வீட்டுப் பாகபத்திரம் ஒன்றைத் தேடுவது என்று இந்த வருஷத்துக்கு எழுதுங்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். கோவில் பதிவேட்டைப் பார்க்க விடுவார்களா? – வாசகி, மார்த்தாண்டம்

கேட்கிற விதத்தில் கேட்டால் விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த நெரிசலில் போய் நிற்காதீர்கள். கிழமை நாளில், தேடுகிற பெயரையும் உத்தேசமான வருஷத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயரோடு நின்றுவிடாமல் ஞானத் தகப்பன், ஞானத் தாய் பெயரையும் எடுத்துக்கொள்ளுங்கள், அநேகமாகச் சித்தப்பாவாகவோ மாமியாகவோ இருப்பார்கள். கத்தோலிக்கப் பங்குகளின் பழைய ஏடுகள் சில லத்தீனில் இருக்கும், அருளப்பன் அங்கே யோவான்னெஸ் ஆகிவிட்டிருப்பார்.

வம்சாவளி வரைய எந்த ஆப் நல்லது? – வாசகர், பாலக்காடு

நாற்பது பக்க நோட்டு. அது நிறைந்த பிறகு எழுதுங்கள், ஆப் பற்றிப் பேசுவோம்.

பழைய பத்திரங்கள் எல்லாம் பெரியப்பா மகன் வீட்டு டிரங்குப் பெட்டியில். கேட்டால் ‘எதற்கு?’ என்று முகம் மாறுகிறது. பங்கு கேட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று நினைக்கிறார். – வாசகர், களியக்காவிளை

அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. பழைய பத்திரம் எங்கே என்று என்னிடம் விசாரித்து வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பங்கு கேட்கத்தான் வந்தார்கள், சும்மா பாட்டா பெயர் பார்க்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவரிடம் பத்திரம் கேட்பதை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். பதிவான பத்திரமாக இருந்தால் அவர் தயவு தேவையே இல்லை. அசையாச் சொத்துப் பத்திரங்கள் சார்பதிவாளர் ஆபீசில் 1-ம் புத்தகத்தில் ஏறுகின்றன, 1908-ம் வருஷப் பதிவுச் சட்டப்படி கட்டணம் கட்டி அதன் நகலை யாரும் வாங்கலாம். உயில் மட்டும் வேறு புத்தகம், அதற்கு வேறு விதி. பத்திர எண்ணும் வருஷமும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் ஊர், சர்வே எண், பெயர் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும், அதற்கு நாளும் ஆகும், பொறுமையும் வேண்டும்.

அண்ணனிடம் கல்யாண போட்டோக்களை மட்டும் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லாதீர்கள். அவர் வீட்டுத் திண்ணையிலேயே, அவர் பார்த்துக்கொண்டிருக்க, போனில் படம் எடுங்கள். பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் பென்சிலில் எழுதின பெயரும் அங்கேதான் இருக்கும். பெரியம்மை படம் ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால், போகிற அன்றைக்கு அவருக்கு ஒரு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.