ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஈசூனில் தெரியுமா?

கேள்வி: சென்னையில் அக்கா வீட்டு மொட்டை மாடியிலிருந்தே ராக்கெட் பறப்பதைப் பார்க்கிறார்கள். சிங்கப்பூரின் ஈசூனில் 12ஆவது மாடியில் இருக்கும் எங்களுக்குத் தெரியுமா?

பதில்: கிளம்புவது தெரியாது, 2,900 கிலோமீட்டர் தள்ளி நடக்கிறது. ஆனால் ராக்கெட் இந்தப் பக்கம் வரலாம்.

எந்த ராக்கெட் என்று முதலில் பாருங்கள். பிஎஸ்எல்வி பெரும்பாலும் இலங்கையைச் சுற்றித் தெற்கே போய்விடும்; விட்டுவிடுங்கள். ஜிஎஸ்எல்வியோ எல்விஎம்3யோ தகவல்தொடர்புச் செயற்கைக்கோளுடன் கிழக்கே கிளம்பினால், அந்தமான் கடலைத் தாண்டி மலேசியத் தீபகற்பத்தின் பக்கமாக வரும். இஸ்ரோவின் கண்காணிப்பு நிலையங்கள் புருணையிலும் இந்தோனேசியாவின் பியாக்கிலும் இருப்பது சும்மா இல்லை. விமானிகளுக்கு முன்கூட்டியே வெளியிடும் நோட்டாம் என்ற எச்சரிக்கை அறிவிப்பில் ராக்கெட் பாகங்கள் விழும் இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். கூகுள் எர்த்தில் குறித்து, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கோடு இழுத்து நீட்டுங்கள். நோட்டாம் நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு 8 மணி கூட்டவேண்டும்.

ராக்கெட் 200 கிலோமீட்டர் உயரத்தில், உங்களுக்கு வடக்கே 400 கிலோமீட்டர் தள்ளிப் போனால் தொடுவானத்திலிருந்து, நீட்டிய கையின் மூடிய முஷ்டி அளவில் இரண்டுக்குச் சற்று மேலே தெரியும். 800 என்றால் ஒரு முஷ்டிதான். எதிர்ப் புளோக் மறைத்துவிடும்.

பலரும் கோட்டைவிடுவது வெளிச்சத்தில். திரவ ஹைட்ரஜனை எரிக்கும் கிரையோஜெனிக் எஞ்சின் கக்குவது நீராவி. தானாகப் பெரிதாக ஒளிராது. நமக்கு இருட்டாகவும் அதற்கு வெயிலாகவும் இருக்கவேண்டும். சூரியன் மறைந்து 40 நிமிடத்தில் பூமியின் நிழல் தலைக்கு மேல் சுமார் 100 கிலோமீட்டரை எட்டும். 60 நிமிடத்தில் 225. 80 நிமிடத்தில் 400.

2024 பிப்ரவரி 17 அன்று இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோளுடன் ஜிஎஸ்எல்வி கிளம்பியது இந்திய நேரம் மாலை 5:35க்கு, இங்கே 8:05. அன்று சூரியன் மறைந்தது 7:20 வாக்கில். இந்தப் பக்கம் வரும்போது 55 நிமிடம் ஆகியிருக்கும், நூலிழை வாய்ப்பு. 2025 நவம்பர் 2 அன்று எல்விஎம்3 இந்திய நேரம் 5:26க்கே கிளம்பியது. ஆனால் நவம்பர் தொடக்கத்தில் இங்கே 6:47க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஒன்பது நிமிடம் முந்திக் கிளம்பியும் நிழலுக்குள்தான்.

ஆகவே இந்திய நேரத்துடன் இரண்டரை மணி கூட்டுங்கள், மேலும் 11 நிமிடம் சேருங்கள், அன்றைய சூரிய மறைவு நேரத்தைக் கழியுங்கள். விடை 30 நிமிடத்துக்கும் 55 நிமிடத்துக்கும் நடுவே வந்தால் மட்டும் உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட் பக்கம் போங்கள். அங்கே வடக்கு திறந்திருக்கும். கிளம்பிய 8ஆவது நிமிடத்திலிருந்து வடமேற்கே பாருங்கள். மினுக்கினால் விமானம். விசிறிபோல் விரிந்த வெளிர்ப்படலத்தின் முனையில் ஒரு புள்ளி நகர்ந்தால், அதுதான்.