பட்டறைப் பதில்கள்: வண்டி சாயாது, ஆயில் சாயும்

கேள்வி: அண்ணே, எனக்கு 22 வயது. பகாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறேன். ஒரே ஆள் உட்காரும், சக்கரம் நாலும் வெளியே தெரியும் சின்ன ரேஸ் கார் ஒன்றைச் சொந்தமாகக் கட்டி ஓட்ட ஆசை. அடிபட்ட 600 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சின் மட்டும் விலைக்கு வருகிறது. வாங்கிப் போடட்டுமா?
- ஒரு வாசகர், பகாவ்

பதில்: நம் ஊர்த் தம்பியா! சரி, உரிமையோடு சொல்கிறேன். இப்போது வாங்காதே. இந்த ஆசை வந்தவர்கள் எல்லோரும் முதலில் வாங்குவது எஞ்சினைத்தான். அது கடைசியில் பட்டறை மூலையில் கேன்வாஸ் போர்த்திக் கிடக்கும். என்னிடமும் ஒன்று நான்கு வருடம் கிடந்தது. கேன்வாசுக்கு அடியில் கோழி முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தது.

அந்தக் காசில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு முதலில் கோ-கார்ட் ஓட்டு. வாடகைக் கார்ட் பலவற்றில் இருப்பது ஹோண்டா ஜிஎக்ஸ் எஞ்சின். தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பில் பார்த்திருப்பாயே, அதே வகைதான். சிரிக்காதே. கார்ட்டில் டிஃபரன்ஷியல் கிடையாது, பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து சுற்றும். வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் லேசாகத் தூக்கினால்தான் வண்டி திரும்பும். அதை இடுப்பால் உணர்ந்துவிட்டாய் என்றால் பாதிப் பாடம் முடிந்தது. இன்னொன்று, மட்கார்ட் இல்லாத வண்டியில் உன் முன் சக்கரம் அடுத்தவனின் பின் சக்கரத்தைத் தொட்டால் அது உன்னை மேலே தூக்கி எறிந்துவிடும். எவ்வளவு நெருங்கலாம் என்பது கண்ணுக்குப் பழக வேண்டும். லோரி ஓட்டிய கண் வேறு.

மோட்டார் எஞ்சின் என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. போர் முடிந்த கையோடு, 1946-இல், இங்கிலாந்தில் சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் இரண்டு பழைய ஃபியட் டோபோலினோ கார்களின் முன்பக்கங்களை முதுகோடு முதுகாக ஒட்டி ஒரு சட்டகம் செய்தார்கள். அதில் 500 சிசி ஜேஏபி மோட்டார் எஞ்சின். செயின் பின் அச்சுக்குப் போக வேண்டும், அதனால் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள். அப்படிப்பட்ட கூப்பர் 500-இல்தான் ஸ்டிர்லிங் மாஸ் 1948-இல் ஓட்டத் தொடங்கினார். 1959, 1960 இரண்டு வருடமும் ஜாக் பிராபம் ஃபார்முலா ஒன் பட்டம் வென்றது, எஞ்சின் பின்னால் இருந்த கூப்பர் காரில்தான். அதற்குப் பிறகு எல்லோரும் எஞ்சினைப் பின்னால் வைத்தார்கள்.

கார்ட்டில் ஒரு வருடம் ஓட்டிய பிறகும் ஆசை இருந்தால், எஞ்சினை மட்டும் வாங்காமல் முழு மோட்டாரையும் வாங்கு. வயரிங், எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டியான ஈசியு, சாவி, ரேடியேட்டர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். கிராண்டில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், உள்ள எஞ்சின் நம்பரும் எஞ்சினில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று டார்ச் அடித்துப் பார். சாய்வு சென்சார் என்று தீப்பெட்டி அளவில் ஒன்று இருக்கும். மோட்டார் விழுந்தால் எஞ்சினை அணைப்பது அதன் வேலை. நாங்கள் அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்து கேபிள் டையால் கட்டிவிட்டு, எஞ்சின் ஏன் பிடிக்கவில்லை என்று மூன்று நாள் தலையைச் சொறிந்தோம். மோட்டாரில் எப்படி நின்றதோ அப்படியே நிறுத்தி வை.

ஒரு குழாயை வெட்டுவதற்கு முன்பே எந்தப் போட்டியில் ஓட்டப் போகிறாய், அங்கே என்ன விதி என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். தலைக்கு மேலே உயரும் ரோல் பார், பெல்ட், தீயணைப்பான், வெளியிலிருந்து எஞ்சினை அணைக்கும் சுவிட்ச், இதிலெல்லாம் பேரம் பேசக் கூடாது. செயினுக்குத் தடித்த இரும்புத் தகட்டில் மூடி போடு. செயின் அறுந்தால் அது பாயும் இடத்தில் இருப்பது உன் முதுகு.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து 600 எஞ்சின் போட்ட வண்டியை ஓட்டிவிட்டோம்! நேர் பாதையில் பறக்கிறது. நீண்ட வளைவில் மட்டும் ஆயில் விளக்கு மினுக்குகிறது. அளவுக்குச்சியில் ஆயில் சரியாகவே இருக்கிறது. சென்சார் கோளாறா?
- ஒரு வாசகர், குளுவாங்

பதில்: சென்சார் ஒழுங்காகத்தான் இருக்கிறது. எஞ்சினை உடனே நிறுத்துங்கள்.

என் அப்பா பால்மரக் காட்டிலிருந்து ஸ்டோருக்குச் சைக்கிளில் ரப்பர்ப் பால் கொண்டுபோவார். கேரியரில் இரண்டு பக்கமும் வாளி. வளைவில் சைக்கிள் சாயும், வாளியும் கூடவே சாயும், ஒரு சொட்டுப் பால் சிந்தாது. அதே வாளியை லோரியில் வைத்து அதே வளைவில் திரும்பினால் பால் வெளிப்பக்க விளிம்பில் ஏறி வழிந்துவிடும். ஏனென்றால் லோரி சாயாது. உங்கள் எஞ்சினுக்கும் இதே கதைதான். மோட்டாருக்காகச் செய்த ஆயில் சட்டி, வளைவில் தானும் சாயும் என்று நம்பிச் செய்யப்பட்டது. அதை நீங்கள் நிமிர்ந்தே நிற்கும் வண்டியில் வைத்துவிட்டீர்கள். ஆயில் ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடுகிறது, உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கிறது. டயர் எவ்வளவுக்கு நன்றாகப் பிடிக்கிறதோ அவ்வளவுக்கு மோசம்.

கோழி அடைகாத்த எஞ்சின் என்றேனே, அது செத்ததும் இப்படித்தான். ஒரு திடலில் கூம்புகளைச் சுற்றி ஓட்டும் ஜிம்கானா. ஒரே பக்கமாக வட்டம் போட்டுக்கொண்டே இருந்தேன். விளக்கு மினுக்கியது, பார்த்தேன், இன்னும் ஒரு சுற்று என்று போனேன். ‘டொக், டொக்’ என்று அடியில் யாரோ கதவைத் தட்டுவது போலச் சத்தம். பிரித்தபோது மூன்றாவது கனெக்டிங் ராடின் பேரிங் ஓடு கத்தரிப்பூ நிறத்தில் கருத்திருந்தது. மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. கிராங்க் ஷாஃப்ட்டில் நகத்தை ஓட்டினால் வரி வரியாகத் தட்டுப்பட்டது. அந்த ஒரு சுற்றுக்கு நான் கொடுத்த விலை அது.

வைத்தியம்: சட்டியைக் கழற்றி, உறிஞ்சு குழாயைச் சுற்றித் தகட்டால் அறை கட்டுங்கள். ஆயில் உள்ளே வரட்டும், சட்டென்று வெளியே ஓடக் கூடாது. உள்பக்கம் மட்டும் திறக்கும் சின்னக் கதவு வைத்தால் இன்னும் நல்லது. ஆயிலைக் கூடுதலாக ஊற்றினால் போதும் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். கொஞ்சம் உதவும்தான். அளவு மீறினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், நுரையும் காற்றுதானே? காசு இருந்தால் தனித் தொட்டி வைத்த டிரை சம்ப். விளக்கை மட்டும் நம்பாமல் முள் ஆடும் பிரஷர் மீட்டர் ஒன்று மாட்டுங்கள். விளக்கு எரியும்போது பாதிக் காரியம் கெட்டிருக்கும்.

இதுவரை ஓட்டியதற்கு, ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். மினுக்கும் துகள் தெரிந்தால் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும்.

கேள்வி: மோட்டார் எஞ்சினில் ரிவர்ஸ் கியர் இல்லையே, என்ன செய்வது?
- ஒரு வாசகர், கோலப்பிலா

பதில்: இறங்கித் தள்ளுவது.

கேள்வி: நம்மவர்கள் யாராவது இப்படி வண்டி கட்டியிருக்கிறார்களா?
- ஒரு வாசகி, சிரம்பான்

பதில்: கோயம்புத்தூர் கரிவரதன் இருந்தாரே! மோட்டார் எஞ்சின் இல்லை. சாதாரண மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை ஆள் ரேஸ் கார் கட்டினார். செட்டிபாளையத்து ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான். நரேன் கார்த்திகேயன் ஓட்டத் தொடங்கியது அந்த மாதிரிக் காரில். அவர் 2005-இல் ஜோர்டான் அணியின் ஃபார்முலா ஒன் காரில் சிப்பாங் ரேஸ் டிராக்குக்கு வந்தபோது, புல்மேட்டில் நாசி லெமாக் பொட்டலத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். 11-ஆவதாக வந்தார். எனக்கு அது முதல் பரிசுதான்.

கேள்வி: ஐயா, என் மகன் வீட்டுக்குப் பின்னால் இரும்புக் குழாயை வெட்டி என்னவோ கார் செய்கிறான். சாயங்காலம் தோட்டத்து மண் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பேன் என்கிறான். விடலாமா?
- ஒரு தாய், ரொம்பின்

பதில்: செய்யட்டும் அம்மா, ஓட்ட விடாதீர்கள். சாயங்காலம் அந்த ரோட்டில் மாடு வரும், சைக்கிளில் பிள்ளைகள் வருவார்கள். அவன் உட்காரும் உயரத்துக்குச் செம்பனை லோரியின் டயர்தான் தெரியும், லோரிக்காரனுக்கு அவன் தெரியவே மாட்டான். சாவியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் செய்யும்போது பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும், காலில் சப்பாத்தும் இருக்கிறதா என்று மட்டும் எட்டிப் பாருங்கள். சிலிப்பரோடு நின்றால் திட்டுங்கள்.