மஞ்சள் கடுதாசிக்கு முன்னும் பின்னும்: அமெரிக்கத் திவால் சட்டம் பற்றிய கேள்வி பதில்

கிரெடிட் கார்டு பாக்கி மட்டும் 48,000 டாலர். சாப்டர் 7-ஆ, 13-ஆ? எதை வைத்து முடிவெடுப்பது?

சாப்டர் 7 என்றால் சட்டம் காக்காத சொத்தை விற்கக் கொடுத்துவிட்டுக் கடனிலிருந்து விடுபடுவது; 13 என்றால் தவணைத் திட்டத்தில் கட்டுவது. முடிவெடுக்க முதலில் பார்ப்பது வருமானம். மனுப் போடும் மாதத்துக்கு முந்தைய 6 மாத வருமானத்தைக் கூட்டி, ஆண்டுக் கணக்காக்கி, உங்கள் மாநிலத்தில் அதே அளவுக் குடும்பத்தின் இடைநிலை வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். குறைவாக இருந்தால் 7 போடலாம். கூடினாலும் கதவு மூடிவிடாது. வரி, காப்பீடு, வீட்டுக் கடன் எல்லாம் கழித்து இன்னொரு கணக்கு இருக்கிறது. வேலை போய் இரண்டு மாதம்தான் என்றால் பழைய சம்பளம் இன்னும் கணக்கில் நிற்கும். கொஞ்சம் பொறுத்தால் அது தானாக இறங்கும்.

சாப்டர் 7 பெரும்பாலும் 4 மாதத்துக்குள் முடிந்துவிடும். 13 என்றால் 3 முதல் 5 ஆண்டு தவணை. வீட்டுக் கடன் பாக்கி விழுந்து வீடு கைவிட்டுப் போகும் நிலையா? அப்போது 13 பக்கம் போங்கள். பாக்கியைத் தவணையில் கட்டி வீட்டை மீட்கும் வழி அதில்தான் உண்டு.

ஊரில் என் பெயரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. இங்கே யாருக்கும் தெரியாது. காட்ட வேண்டுமா, இல்லை முன்னாடியே தம்பி பெயருக்கு மாற்றிவிடலாமா?

காட்டித்தான் ஆக வேண்டும். சொத்து உலகில் எந்த மூலையில் இருந்தாலும் பட்டியலில் வரணும்: பாகம் பிரிக்காத பூர்வீக நிலத்தில் உங்கள் பங்கு, ஊர் வங்கிக் கணக்கு, லாக்கர் நகை உட்பட. "யாருக்கும் தெரியாது" என்று நம்பாதீர்கள். உங்கள் வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படும் டிரஸ்டி கையில் உங்கள் வரித்தாக்கல் நகலும் வங்கி ஸ்டேட்மென்டும் இருக்கும். வெளிநாட்டில் கணக்கு உண்டா என்ற வரிப் படிவக் கேள்விக்கு நீங்களே 'ஆம்' போட்டிருப்பீர்கள். ஊருக்கு அனுப்பிய பணமும் வரிவரியாகத் தெரியும்.

தம்பிக்கு மாற்றுவது இன்னும் மோசம். மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுக்குள் நடந்த கைமாற்றத்தை டிரஸ்டி ரத்து செய்யக் கேட்கலாம்; மாநிலச் சட்டத்தைப் பிடித்தால் அதற்கும் பின்னே போகலாம். கடன்காரரை ஏமாற்றும் நோக்கில் ஓராண்டுக்குள் மாற்றியிருந்தால் கடன் விடுவிப்பே (அந்தக் கடனை இனிக் கட்ட வேண்டாம் என்ற நீதிமன்ற உத்தரவே) மறுக்கப்படலாம். சத்தியம் செய்துவிட்டு மறைத்தால் அது கிரிமினல் குற்றம், 5 ஆண்டு வரை சிறை. காட்டிய நிலம் போகுமா, தங்குமா என்பது அதன் மதிப்பையும் உங்கள் மாநில விலக்குகளையும் (கடன்காரர் தொட முடியாத சொத்து எது என்ற விதிகளையும்) பொறுத்தது. அதை வக்கீலிடம் மனுவுக்கு முன்னால் கேளுங்கள்.

மச்சானிடம் வாங்கிய 6,000 டாலரை மட்டும் முதலில் அடைத்துவிட்டு மனுப் போட்டால்?

மனசு அப்படித்தான் சொல்லும், செய்யாதீர்கள். உறவினருக்கு ஓராண்டுக்குள் கொடுத்த பணத்தை டிரஸ்டி மச்சானிடமிருந்தே திரும்பக் கேட்கலாம். கடன் விடுவிப்பு கிடைத்தபிறகு உங்கள் சம்பளத்திலிருந்து விருப்பப்பட்டுக் கொடுங்கள், சட்டம் தடுக்காது.

இதோடு சேர்த்து இன்னொன்று: 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பை உடைத்துக் கார்டு கடன் கட்டுவதைப் போல வீண் வேலை கிடையாது. திவாலிலும் அந்தப் பணத்தைக் கடன்காரர் தொட முடியாது. நீங்களாக ஏன் எடுத்துக் கொடுக்கிறீர்கள்?

எச்-1பி விசாவில் இருப்பவர் போடலாமா?

போடலாம். குடியுரிமை தேவையில்லை, இங்கே வசித்தால் போதும்.

என்னென்ன கடன் போகாது?

குழந்தை ஜீவனாம்சம், அண்மைக்கால வருமான வரி. கல்விக் கடன் போகவேண்டுமென்றால் தனி வழக்காடி நிரூபிக்க வேண்டும். உங்கள் கடனுக்கு வேறு ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தால், சாப்டர் 7-இல் நீங்கள் விடுபடுவீர்கள், அவர் மாட்டிக்கொள்வார்.

எல்லாம் சரியாகச் செய்தும் கடன் விடுவிப்பு வரவில்லை என்கிறார்களே, ஏன்?

பெரும்பாலும் இரண்டாவது வகுப்பை மறந்திருப்பார்கள். மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் ஒரு கடன் ஆலோசனை, மனுவுக்குப் பிறகு பண நிர்வாக வகுப்பு ஒன்று. இந்த இரண்டாவதின் சான்றிதழ் நீதிமன்றம் சேராவிட்டால் வழக்கை விடுவிப்பில்லாமலே மூடிவிடுவார்கள். மறுபடி திறக்கத் தனிக் கட்டணம்.

திவாலுக்குப் பிறகு கிரெடிட் ஸ்கோர் பாதாளத்தில் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

புது கார்டில் ஆரம்பிக்காதீர்கள், பழைய கிரெடிட் ரிப்போர்ட்டில் ஆரம்பியுங்கள். விடுவிப்பு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் தகவல் நிறுவனங்களிலும் இலவச ரிப்போர்ட் எடுங்கள். விடுவிக்கப்பட்ட ஒவ்வொரு கடன் கணக்கிலும் 'திவாலில் சேர்ந்தது' என்றும் பாக்கி பூஜ்யம் என்றும் இருக்கணும். இன்னும் 'வசூலில் உள்ளது' என்று இருந்தால் ஸ்கோர் ஏறவிடாமல் இழுக்கும். விடுவிப்பு உத்தரவின் நகலோடு அந்த நிறுவனத்துக்கு மறுப்பு எழுதுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துப் பதில் தரவேண்டும்.

அடுத்தது, டெபாசிட் கட்டி வாங்கும் செக்யூர்டு கார்டு. 300 டாலர் வரம்பு என்றால் ஸ்டேட்மென்ட் வரும் நாளில் 30 டாலருக்கு மேல் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், முழுத்தொகையும் தானாகக் கட்டும்படி போட்டுவிடுங்கள். மூன்று நிறுவனங்களுக்கும் தகவல் அனுப்பும் கார்டுதானா என்று வாங்குமுன் கேளுங்கள். முன்பணம் கேட்டு 'ஸ்கோரைச் சரி செய்கிறோம்' என்பவர்களை அண்டவிடாதீர்கள். வேலை முடியுமுன் பணம் வாங்குவது அவர்களுக்குச் சட்டப்படி தடை.

வீடு வாங்க எத்தனை வருடம் காத்திருக்கணும்?

சாப்டர் 7 விடுவிப்புத் தேதியிலிருந்து எஃப்எச்ஏ கடனுக்கு (அரசு காப்பீடு உள்ள வீட்டுக் கடன்) வழக்கமாக 2 ஆண்டு, சாதாரண வீட்டுக் கடனுக்கு 4 ஆண்டு. ரிப்போர்ட்டில் அந்தப் பதிவு மனுப் போட்ட நாளிலிருந்து 10 ஆண்டு வரை இருக்கலாம். அது போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.