முயல்கறியும் கொழுப்பும்

அன்புள்ள அக்கா,

நான் சியாட்டிலில் ஒன்பது வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மனைவி, நாலு வயதில் ஒரு மகள். ஒரு வருடமாக மனதில் ஒரே எண்ணம்தான். வேலையை விட்டுவிட்டு அலாஸ்காவின் உட்பகுதியில், சாலை போகாத இடமாகப் பார்த்து, ஒரு மரவீடு கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். வேட்டை, மீன், காட்டுப்பழம், சோலார் பேனல், மகளுக்கு நாங்களே பாடம். முயல் கண்ணி வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன், துப்பாக்கிப் பயிற்சிக்கும் போகிறேன். மனைவிதான் ஒத்துக்கொள்ளவில்லை. முழுத் திட்டத்தையும் இரண்டு மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு “உப்புக்கு எங்க போவீங்க?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள், எழுந்து போய்விட்டாள். இவ்வளவு பெரிய கனவில் அவளுக்கு உப்புதான் தெரிகிறது. உங்கள் கதைகளில் நிலத்தோடு வாழ்ந்த மனிதர்கள் வருகிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

புருஷன் பெண்டாட்டி விவகாரத்துக்கெல்லாம் நான் பதில் போடுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று அப்பத்தாவின் பழைய பீங்கான் ஜாடியைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். ஜாடிக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒன்று. என் கதைகளில் நிலத்தோடு வாழ்ந்தவர்களில் பாதிப் பேர் கடன்காரனுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடுகிறார்கள். நீங்கள் எந்தக் கதையைப் படித்தீர்கள்?

மகளுக்கு வீட்டுப் பாடம், மன அமைதி, செல்போன் இல்லாத வாழ்க்கை இதெல்லாம் உங்கள் சொந்த விஷயம், எனக்கு அபிப்பிராயம் கிடையாது. சோலார் பற்றி ஒரு வரி: அலாஸ்காவின் உட்பகுதி நகரமான ஃபேர்பேங்க்ஸில் டிசம்பர் 21 அன்று சூரியன் நாலு மணி நேரம்கூட மேலே இருப்பதில்லை, இருக்கிற நேரத்திலும் அடிவானத்தை ஒட்டியே ஊர்ந்துவிட்டுப் போய்விடும். நிலம் பற்றியும் ஒரு வரி: போய்க் கொட்டகை போட்டால் உனக்கே சொந்தம் என்கிற 1862ஆம் வருடச் சட்டத்தை 1976இல் ரத்து செய்துவிட்டார்கள், அலாஸ்காவுக்கு மட்டும் பத்து வருடம் அவகாசம் கொடுத்தார்கள், அதுவும் 1986இல் முடிந்தது. வேலை விசாவில் இருப்பவர் வேலையை விட்டால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதை எழுதாமல் விட்டதை மறதி என்றே வைத்துக்கொள்கிறேன். இன்னொன்று, அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளியாள் அங்கே மூஸ் என்கிற ராட்சத மான் மாதிரிப் பெரிய விலங்கு எதையும் உரிமம் பெற்ற வழிகாட்டி கூட இல்லாமல் சுட முடியாது. பன்னிரண்டு மாதம் அங்கேயே குடியிருந்து காட்டினால்தான் உள்ளூர்க்காரர் கணக்கில் சேர்ப்பார்கள். அதுவரைக்கும் என்ன சாப்பிடுவீர்கள்? முயலா?

சரி, முயலுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார விடாமல் அடித்தது அந்த முயல்தான்.

நீங்கள் சொல்கிற காட்டில் இருப்பது பனிக்காலத்தில் வெள்ளையாக மாறுகிற முயல். முழு முயலே ஒன்றரைக் கிலோ எடை இருந்தால் பெரிசு, தோலும் எலும்பும் குடலும் போக அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே கறி தேறும். அதில் எழுநூறு, எண்ணூறு கலோரி. குளிரில் விறகு வெட்டுகிற ஆளுக்கு மூவாயிரத்து ஐந்நூறாவது வேண்டும். அப்படியென்றால் உங்கள் ஒருவருக்கே நாளைக்கு நாலைந்து முயல். மூன்று பேருக்கு எத்தனை, மாதத்துக்கு எத்தனை, எக்ஸெல் வைத்திருக்கிறீர்கள் இல்லையா, போட்டுப் பாருங்கள். அந்த முயல்கூட சுமார் பத்து வருடத்துக்கு ஒரு முறை காடு முழுக்கப் பெருகி அப்புறம் சட்டென்று விழுந்துவிடும். விழுந்த வருடத்தில் நாளெல்லாம் நடந்தாலும் பனியில் ஒரு கால்தடம் அகப்படாது. நீங்கள் போகிற வருடம் எது என்று முயலைக் கேட்டீர்களா?

அதையும் விடுங்கள். கண்ணியில் நாளுக்குப் பத்து விழுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சாவீர்கள். முயலில் கொழுப்பு சொற்பம். ஆர்க்டிக்கில் இனுயிட் மக்களோடு வருடக்கணக்கில் வாழ்ந்த ஸ்டீபான்சன் என்ற மானுடவியலாளர் இதை எழுதி வைத்திருக்கிறார். வெறும் முயல்கறி தின்கிறவனுக்கு ஒரு வாரத்தில் வயிற்றால் போகும், தலைவலி, சோர்வு, முன்னைவிடப் பல மடங்கு தின்பான், வயிறு உப்பும், பசி மட்டும் அடங்காது. மெலிந்த கறியைப் போட்டுத் திணித்தால் ஈரல் ஓர் அளவுக்கு மேல் அதைக் கையாளாது, அவ்வளவுதான் காரணம். அந்தப் பனிநாட்டு ஜனங்கள் இந்த வியாதிக்கு முயல்பட்டினி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வாய் நிறையக் கறி, ஆள் பட்டினி!

அங்கே ஆயிரக்கணக்கான வருடமாக இருப்பவர்களின் சமையலைப் பாருங்கள், முழுக்க முழுக்கக் கொழுப்பைத் தேடி அலைகிற கதைதான். கடலோரத்தில் சீல் எண்ணெய். ஆற்றோரத்தில் கொழுத்த சால்மன். ஆற்றில் அணை கட்டுகிற பீவரின் வால், கரடியின் முதுகுக் கொழுப்பு, காரிபு மானின் எலும்பு மஜ்ஜை. மஜ்ஜை எடுத்த எலும்பையும் எறியமாட்டார்கள், நொறுக்கிக் கொதிக்கவைத்து மேலே மிதக்கிற நெய்யை வழித்து வைப்பார்கள். காட்டுப்பழத்தைக்கூடச் சும்மா தின்பதில்லை, கொழுப்போடு சேர்த்து அடித்துத் தின்கிறார்கள். நாம் ஓரமாக ஒதுக்குவதை அங்கே பெரியவர்களுக்கு முதலில் கொடுப்பார்கள். தமிழில் கொழுப்புக்கு இரண்டு அர்த்தம் தம்பி. வடக்குக்கு வேண்டியது ஒன்று, நம் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு போவது இன்னொன்று.

கோபப்படாதீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை, அந்தப் பையன் ஞாபகம் வந்துவிட்டது. கிறிஸ்டோபர் மெக்காண்ட்லெஸ். ‘இன்டு தி வைல்ட்’ படம் பார்த்திருப்பீர்கள், பார்க்காமலா இந்தக் கடிதம். 1992 ஏப்ரல் கடைசியில் அலாஸ்காக் காட்டுக்குள் போனான், இருபத்துநாலு வயது. கையில் நாலரைக் கிலோ அரிசி, ஒரு சின்னத் துப்பாக்கி. நாலரைக் கிலோ அரிசி! ஒரு வீட்டில் பத்து நாள் வருமா? காட்டில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய பஸ்ஸில் தங்கினான். ஜூலையில் திரும்பி வரப் பார்த்தான், ஏப்ரலில் நடந்து கடந்த டெக்லனிகா ஆறு பனி உருகிப் பெருகிக் கிடந்தது. ஆற்றோடு கொஞ்சம் கீழே போயிருந்தால் ஆற்று நீரை அளவெடுப்பவர்கள் குறுக்கே கட்டிய கம்பியும் அதில் தொங்குகிற தொட்டியும் இருந்தது, கையால் இழுத்துக்கொண்டே அக்கரைக்குப் போயிருக்கலாம். அவனிடம் சரியான வரைபடம் இல்லை. ஆகஸ்டில் செத்தான். செப்டம்பரில் மூஸ் வேட்டைக்கு வந்தவர்கள் கண்டெடுத்தபோது உடல் முப்பது கிலோதான். தின்ற விதையில் விஷமா, வெறும் பட்டினியா என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள், எனக்கு அதில் அக்கறை இல்லை. ஏப்ரல் முதல் ஆகஸ்ட், கவனித்தீர்களா? குளிர்காலத்தை அவன் பார்க்கவே இல்லை. அங்கே விளைச்சல் காலம் என்று ஒன்று இருந்தால் அதுதான், அதில் செத்தான். அந்த பஸ்ஸைப் பார்க்கப் போய் ஆற்றில் இரண்டு பேர் செத்த பிறகு 2020இல் ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவன் ஜூனில் ஒரு மூஸைச் சுட்டான். ஒரு பெரிய மூஸில் இருநூறு கிலோவுக்கு மேல்கூடக் கறி வரும். தனி ஆள். ஈ மொய்க்கிற மாசம். புகை போட்டுப் பார்த்தான். ஐந்தாறு நாளில் புழு வைத்துவிட்டது. அந்த மிருகத்தைக் கொன்றது தன் வாழ்க்கையின் பெரிய சோகங்களில் ஒன்று என்று குறிப்பில் எழுதினான். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குப் பன்னிரண்டு வயதாகிவிடும்.

சித்திரையில் எங்கள் ஊர்க் கருப்பனுக்குக் கிடா வெட்டு. பந்தி முடிந்து மிஞ்சிய கறியை அப்பத்தா உப்புக்கண்டம் போடும். விரல் கனத்துக்கு மேல் ஒரு துண்டு இருக்கக்கூடாது. கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி, ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் கோணி ஊசியில் சணல் கோத்து மாலை மாதிரி முற்றத்துக் கொடியில் தொங்கவிடும். நாலைந்து நாள் வெயில். தட்டினால் மரச்சக்கை மாதிரி சத்தம் வர வேண்டும், அப்போதுதான் ஜாடிக்குப் போகும். காக்கா விரட்ட ஓர் ஆள், ஈ ஓட்ட ஓர் ஆள், வானம் பார்க்க ஓர் ஆள். அந்த வருடம் வானம் பார்க்கிற வேலை என்னுடையது. இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு கதைப்புத்தகத்தோடு திண்ணையில் சாய்ந்தவள் தூங்கிப்போனேன். கோடை மழை பத்து நிமிஷம்தான் பெய்தது. அப்பத்தா வயலிலிருந்து ஓடிவந்து அவிழ்த்து உள்ளே கட்டியது, ஆனாலும் நனைந்தது நனைந்ததுதான், அடுத்த இரண்டு நாளும் மூடாக்கு. மூன்றாம் நாள் துண்டுகளுக்கு உள்ளே வெள்ளையாக நெளிந்தது. அந்த நாற்றம் இப்போதும் இந்த ஜாடிக்குள் இருக்கிற மாதிரி ஒரு பிரமை எனக்கு. அப்பத்தா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து, “ஒரு உசுரு வீணாப் போச்சுடி” என்றது. அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் அந்தக் கறி போனதால் யாரும் சாகவில்லை, அரிசி இருந்தது, கடை இருந்தது, பக்கத்து வீட்டில் கேட்டால் குழம்பு வந்தது. ஒரு ஆட்டில் மிஞ்சியதைக் காயப்போடவே இத்தனை பேர். அவன் ஒற்றை ஆளாக ஒரு மூஸை எதிர்த்து நின்றான். அங்கத்தி ஜனங்கள் மூஸ் வேட்டைக்குப் பெரும்பாலும் செப்டம்பரில்தான் போகிறார்கள், குளிர் பாதி வேலையைச் செய்துவிடும். கோடையில் மீன் முகாம் போட்டால் பாட்டி முதல் பேத்தி வரை ஆளுக்கொரு வேலை, மீனைக் கீறி வரிவரியாகத் தொங்கவிட்டு, ஈ அண்டாமல் கீழே புகை மூட்டி. உப்பில்லாமல் வெறும் காற்றிலும் புகையிலும் உலர்த்தத் தெரிந்தவர்கள் அவர்கள். அது வீடியோவில் வராது, அத்தை கையைப் பார்த்து வருவது.

அந்த அத்தைகளுக்கே இப்போது மீன் இல்லை. யூகான் ஆற்றில் 2021இல் சால்மன் வரத்து அப்படியே விழுந்தது, கரையோர கிராமங்களுக்கு வேறு பகுதி மீனை அனுப்பிவைத்தார்கள். யூகானின் சினூக் என்கிற சால்மன் வகையை ஏழு வருடத்துக்குப் பிடிப்பதில்லை என்று 2024இல் அலாஸ்காவும் கனடாவும் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வலையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் நீங்கள் தூண்டிலோடு போய் இறங்குகிறீர்கள்.

தனியாக முப்பது வருடம் வாழ்ந்துகாட்டிய டிக் ப்ரென்னிக்கி இருக்கிறாரே என்பீர்கள். இருந்தார், அலாஸ்காவின் ட்வின் லேக்ஸ் ஏரிக்கரையில், மறுக்கவில்லை. 1968இல் அங்கே மரவீடு கட்டத் தொடங்கியபோது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தச்சு வேலை தெரியும், டீசல் மெக்கானிக், கோடரிக்குக் கைப்பிடி தானே செதுக்கிக்கொள்வார். அவருக்கும் மாவும் பீன்ஸும் ஓட்ஸும் சர்க்கரையும் தெரிந்தவர் ஒருவர் விமானத்தில் கொண்டுவந்து இறக்கினார். வீடியோவில் விமானம் எழும்பிப் போன பிறகுதான் நாம் பார்க்க ஆரம்பிக்கிறோம்.

எங்கேயோ போய்விட்டேன். மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? அவளுக்குப் புரிந்துவிட்டது எஸ். நீங்கள் இரண்டு மணி நேரம் பேசியபோது அந்த மரவீட்டுக்குள் உண்மையிலேயே போய் அடுப்பு மூட்டிப் பார்த்தது அவள் ஒருத்திதான். அவள் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள், எனக்கில்லை, அவளுக்கு. வருடத்துக்கு எத்தனை கிலோ உப்பு, யார் கொண்டுவருவார், விமானத்துக்கு எவ்வளவு, ஏரி உறைந்தும் உறையாமலும் இருக்கிற வாரங்களில் எந்த விமானமும் இறங்க முடியாதபோது என்ன கையிருப்பு. உப்பு முடிந்ததும் எண்ணெயைக் கேட்பாள், அதற்கும் எழுதுங்கள். குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் என்று கேட்பாள். எழுதிக்கொண்டே வாருங்கள், எத்தனை பக்கம் ஆகிறது என்று பார்க்கலாம். ஒரு கோடையில் பத்து நாள் மூன்று பேருமாக ஃபேர்பேங்க்ஸ் பக்கம் போய்விட்டும் வாருங்கள், கொசு உங்களை வரவேற்கும்.

அப்புறம் அந்த முயல் கண்ணியை வீட்டுக் கொல்லையில் வைத்துப் பழகாதீர்கள். பக்கத்து வீட்டுப் பூனை மாட்டும்.

அன்புடன்,
அக்கா