கெட்டமைன்: மயக்க மருந்து ஏன் கடத்தப்படுகிறது?

அறுவை சிகிச்சையில் வலி தெரியாமலிருக்கப் போடும் ஊசி மருந்து கெட்டமைன். அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றிவிட்டதுபோல, உடம்பு அனுப்பும் சேதி மூளைக்கு எட்டாது. உடலைவிட்டு மிதப்பதுபோன்ற அந்த மயக்கத்துக்காகவே கள்ளச்சந்தையில் விலை. சென்னை வழியாக மலேசியாவுக்குக் கடத்தியவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். இந்தியாவில் 2011-ல்தான் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. தாமதம்தான்.

பலருக்கும் தெரியாதது சிறுநீர்ப்பை பாதிப்பு. மருந்தின் கழிவு சிறுநீரில் இறங்கி, பையின் உட்சுவரைப் புண்ணாக்கும். தொடர்ந்து எடுத்தால் பை சுருங்கி, அடிக்கடி முட்டும், ரத்தம் போகும்; முற்றினால் பையையே அகற்ற நேரும். மதுவோடு சேர்ந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் அடைக்கலாம்.

‘ஆஸ்பத்திரியில் கொடுப்பதுதானே’ என்பார்கள். அங்கே வெறும் வயிறு, அளந்த அளவு, ஆக்சிஜன், பக்கத்திலேயே மயக்கவியல் மருத்துவர். பொட்டலத்தோடு இவை வருவதில்லை.