அம்மாவின் ஊக்கும் நான்கு எழுத்துகளும்

கேள்வி: நான் பெங்களூரு அல்சூரில் வசிக்கும் கல்லூரி மாணவி. கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகும் சுபாவம் உடையவள். ஆனால் மூன்று ஆண்டுகளாகப் பங்க் ராக் என்ற முரட்டு ராக் இசை என்றால் எனக்கு உயிர். அண்மையில் வகுப்பில் எல்லாரும் எம்.பி.டி.ஐ. என்ற குணவகைச் சோதனை செய்து பார்த்தபோது எனக்கு உள்முக வகை வந்தது. "இந்த வகைக்காரர்கள் பங்க் ஆக முடியாது, நீ வேஷம் போடுகிறாய்" என்கிறார்கள் தோழிகள். அம்மாவின் தாலிச் சரட்டிலிருந்து வாங்கிப் பங்க் அடையாளமாகப் பையில் குத்தியிருந்த ஊக்கைக்கூடக் கழற்றிவிட்டேன். வீட்டிலோ அது குடிகாரர்களின் பாட்டு என்கிறார்கள். நான் என்னைப் பங்க் என்று சொல்லிக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சோதனை, கார்ல் யுங் 1921இல் எழுதிய நூலின் கருத்துகளைக் கொண்டு காத்தரின் பிரிக்ஸ், அவருடைய மகள் இசபெல் மையர்ஸ் ஆகிய இருவரும் உருவாக்கியது. நான்கு அம்சங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டில் ஓர் எழுத்தைத் தந்து, மனிதர்களை அது 16 வகைகளாகப் பிரிக்கிறது. ஐந்தரை அடிக்கு மேலிருந்தால் நெட்டை, கீழிருந்தால் குட்டை என்று இரண்டே பெயர் வைத்தால் நடுவில் நிற்பவர்கள் என்ன ஆவார்கள்? ஒருவரே சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதினால் வேறு எழுத்துகள் வருவதும் உண்டு.

இசை விருப்பத்தையும் குணத்தையும் இணைத்துப் பார்த்த ஆய்வு ஒன்றை ரென்ட்ஃப்ரோ, காஸ்லிங் என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்டார்கள். பங்கின் நெருங்கிய உறவுகளான ராக், ஆல்டர்நேட்டிவ், ஹெவி மெட்டல் ஆகியவற்றை விரும்புவோரிடம் அவர்கள் கண்டது, புதியனவற்றுக்கு மனம் திறந்திருக்கும் இயல்பை. கூட்டத்தை நாடும் புறமுக இயல்போ துள்ளலான, ஆட்டத்துக்கேற்ற இசையோடுதான் கூடுதலாகச் சேர்ந்தது. முரட்டு இசையை விரும்புகிறவர்கள் மனக்கலக்கமோ பிணக்குக் குணமோ மிகுந்தவர்கள் என்பதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. உங்கள் கூச்சத்துக்கும் உங்கள் இசைக்கும் பகை இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

1974இல் நியூயார்க்கில் தொடங்கிய ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜோயி ரமோன், கூச்ச சுபாவம் உள்ளவர்; தீவிரமான எண்ணச் சுழற்சி நோயோடு (ஓ.சி.டி.) வாழ்நாளெல்லாம் போராடியவர். லண்டனில் பங்க் பாடகி பாலி ஸ்டைரீன் பல்லில் கம்பியோடு மேடையேறி, விளம்பரங்களின் பொய்களைப் பாடினார். வீட்டாரிடம் வாஷிங்டனின் மைனர் த்ரெட் என்ற பங்க் குழுவைப் பற்றிச் சொல்லுங்கள். குடியும் போதையும் வேண்டாம் என்று அவர்கள் 1981இல் பாடிய பாடலின் பெயரையே, குடிக்காத பங்க் இளைஞர்கள் பல நாடுகளில் தங்கள் கொள்கைக்குச் சூட்டிக்கொண்டார்கள். இந்த ஒரு செய்தி வீட்டில் பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும் என்று நம்புகிறேன்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கும் பங்கில் வேலை இருந்தது. 1976இல் லண்டனில் மார்க் பெரி என்ற வங்கி எழுத்தர், தட்டச்சு செய்தும் பேனாவால் தலைப்பெழுதியும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு பங்க் இதழ் நடத்தினார். அவரைப் பார்த்துப் பலர் தொடங்கினார்கள். நீங்கள் மூன்று ஆண்டுகளாகக் கேட்டுவருவதைப் பற்றித் தமிழில் நான்கு பக்கம் எழுதிப் பாருங்கள். மேடையும் மைக்கும் அதற்குத் தேவையில்லை. கழற்றிய ஊக்கை மீண்டும் பையில் குத்திக்கொள்ளுங்கள்; தாள்களைச் சேர்த்துக் குத்த அம்மாவிடம் இன்னொன்று கேட்டு வாங்குங்கள்.