பத்து மணிக்கு மேல் அந்த விடுதியில் என்ன நடக்கிறது?

கேள்வி: நானும் என் கணவரும் நாற்பதுகளின் நடுவில் இருக்கிறோம். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, நண்பர்களான இன்னொரு தம்பதியுடன் கரீபியன் பக்கம் ஒரு வாரம் போக ஆசை. சாப்பாடு, மது, பொழுதுபோக்கு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிய, பெரியவர்களுக்கு மட்டுமான கடற்கரை ரிசார்ட் வேண்டும். சென்ற முறை அப்படி ஒன்றில்தான் தங்கினோம். இரவு ஒன்பதரைக்கெல்லாம் இடமே அடங்கிவிட்டது. இந்த முறை இசையும் ஆட்டமும் வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது. மே மாதமோ டிசம்பர் முதல் வாரமோ விடுப்பு கிடைக்கும். எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்களுக்கு நேர்ந்தது மிகப் பலருக்கு நேர்கிறது. பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒரு விடுதி அறிவித்தால், அங்கே குழந்தைகள் இருக்க மாட்டார்கள் என்பது மட்டும்தான் உறுதி. கொண்டாட்டம் இருக்கும் என்பதற்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை. சொல்லப்போனால், இந்த வகை விடுதிகளில் பெரும்பாலானவை அமைதிக்காகவே கட்டப்பட்டவை. ஜமைக்காவின் மான்டிகோ பேயில் 1981இல் தொடங்கிய சாண்டல்ஸ் என்ற விடுதி முதலே இந்தத் தொழிலின் பெரிய வாடிக்கையாளர்கள் தேனிலவுக்கும் திருமண நாளுக்கும் வருகிற இணையர்கள்தான். அவர்களுக்கு வேண்டியது மெழுகுவத்தி விருந்தும் அலை ஓசையும். உங்களுக்கு வேண்டியது வேறு. ஆகவே முதலில் விடுதியின் சுபாவத்தைப் பிடியுங்கள். விலை, நட்சத்திரம், அறையின் அழகு எல்லாம் பிறகு.

ஒரே குழுமத்துக்குள்ளேயே இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். இன்று ஹயாத் ஓட்டல் குழுமத்தின் கீழ் உள்ள சீக்ரெட்ஸ், பிரெத்லெஸ் என்ற விடுதி வரிசைகள் இரண்டும் பெரியவர்களுக்கு மட்டுமானவை. சீக்ரெட்ஸ் காதல் இணையர்களின் அமைதியை விற்கிறது. பிரெத்லெஸ் நீச்சல் குள விருந்துகளையும் டி.ஜே. இசையையும் விற்கிறது. ஸ்பானிய நிறுவனமான ரியூவின் விடுதிகளில் குடும்பங்களுக்கானவையும் உண்டு, பெரியவர்களுக்கு மட்டுமானவையும் உண்டு. டொமினிகன் குடியரசின் புன்தா கானாவில் உள்ள ரியூ ரிபப்ளிகா, மான்டிகோ பேயில் உள்ள ரியூ ரெகே இரண்டும் பின்னதைச் சேர்ந்தவை. ஆடம்பரம் குறைவு, கூட்டமும் சத்தமும் அதிகம், விலை நடுத்தரம். நீங்கள் தேட வேண்டிய ரகம் இதுதான்.

இன்னொரு வகையும் இருக்கிறது. தெரியாமல் பதிவு செய்துவிடக் கூடாது. மெக்சிகோவின் கான்குனில் உள்ள டெம்ப்டேஷனில் மேலாடை அணிவது அவரவர் விருப்பம். ஜமைக்காவின் நெக்ரிலில் உள்ள ஹெடோனிசம் 2இல் ஆடையே விருப்பம்தான். விரும்பிப் போகிறவர்களுக்கு அவை நல்ல விடுதிகளே. ஆனால் 'கலகலப்பு' என்று தேடும்போது இவையும் சேர்ந்தே வந்து நிற்கும். அதேபோல் சாண்டல்ஸ் போன்றவை இணையர்களை மட்டுமே ஏற்கும். நீங்கள் இரண்டு தம்பதிகள் என்பதால் சிக்கல் இல்லை. தனியாக ஒரு நண்பரும் சேர்வதாக இருந்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

கலகலப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? விடுதியின் விளம்பரப் படங்களை நம்பாதீர்கள். எல்லா விடுதியும் கையில் கோப்பையுடன் சிரிக்கும் ஒரு கூட்டத்தைப் படம் பிடித்து வைத்திருக்கும். அந்த வாரத்தின் நிகழ்ச்சி நிரலை அனுப்பச் சொல்லி நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள். வந்தவுடன் இரவு பத்து மணிக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மேடை நிகழ்ச்சி முடிந்த பிறகு எதுவுமே இல்லையென்றால், அந்த விடுதி உங்களுக்கானது அல்ல. டிஸ்கோ விடுதிக்குள்ளேயே இருக்கிறதா, வாரத்தில் எத்தனை இரவு, எத்தனை மணி வரை திறந்திருக்கும், கடைசி பார் எப்போது மூடும், நள்ளிரவுக்கு மேல் பசித்தால் சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேளுங்கள். விடிய விடிய உணவு கொடுக்கும் சிற்றுண்டிக் கூடம் வைத்திருக்கும் விடுதி, விருந்தினர்கள் விழித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கிற விடுதி.

கட்டட அமைப்பும் பேசும். நடுவே ஒரே பெரிய நீச்சல் குளம், அதன் உள்ளேயே பார், பக்கத்திலேயே மேடை என்று இருந்தால் பகல் முழுவதும் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். முதல் நாளே நாலு பேர் அறிமுகமாவார்கள். சிறு சிறு குளங்களாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் தனி நீர்வழி வைத்திருந்தால் அது ஒதுங்கியிருக்க விரும்புபவர்களுக்கானது. அறைகளின் எண்ணிக்கையும் முக்கியம். நூறுக்கும் குறைவான அறைகள் கொண்ட விடுதி எவ்வளவு நன்றாக நடத்தப்பட்டாலும் ஆட்டக்களத்தை நிரப்ப ஆள் போதாது. சில நூறு அறைகளாவது வேண்டும்.

விருந்தினர் எழுதும் கருத்துகளைப் படிப்பதற்கு என் வழி சற்றுத் தலைகீழானது. ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளை விட்டுவிட்டு, நடுத்தர மதிப்பெண் கொடுத்தவர்களின் குறைகளைப் படியுங்கள். 'குளத்தருகே நாள் முழுக்க இசை, புத்தகம் படிக்க முடியவில்லை' என்று ஒருவர் நொந்துகொண்டால் அது உங்களுக்கான பரிந்துரை. 'பத்து மணிக்கே நல்ல உறக்கம்' என்று இன்னொருவர் மகிழ்ந்தால் அது உங்களுக்கான எச்சரிக்கை. நீங்கள் போகும் அதே மாதத்தில் எழுதப்பட்டவற்றைத் தனியாகப் பாருங்கள். இந்த விடுதிகள் அடிக்கடி கைமாறும், பெயர் மாறும், புதுப்பிப்பு வேலை நடக்கும். மூன்று ஆண்டுக்கு முந்தைய புகழ்ச்சிக்கு மதிப்பில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். செலவைத் தீர்மானிப்பதில் விடுதியை விட வாரத்துக்குத்தான் பங்கு அதிகம். டிசம்பர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை உச்ச பருவம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் விலை எட்டாத உயரம். ஜனவரி, பிப்ரவரியில் வடக்கின் குளிருக்குத் தப்பி வரும் ஓய்வுபெற்றவர்கள் நிறைய. விலை அதிகம், இரவுகளோ அமைதி. மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் வசந்த விடுமுறை. அமெரிக்காவில் 21 வயதாகாமல் மது வாங்க முடியாது, மெக்சிகோவிலும் டொமினிகன் குடியரசிலும் 18 போதும் என்பதால் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். கலகலப்பு உண்டு, ஆனால் நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு அது வேறு உலகம்.

மலிவான வாரம் வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபர். ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அதன் உச்சம். புயலே வராவிட்டாலும் பாதி அறைகள் காலியாகக் கிடக்கும் விடுதியில் ஒரு உணவகத்தை மூடுவார்கள், இசைக்குழுவைக் குறைப்பார்கள். டிஸ்கோவில் டி.ஜே.யும் நீங்கள் நால்வரும் மட்டும் நிற்பீர்கள். விலையும் மிதமாக இருக்க வேண்டும், ஆளும் இருக்க வேண்டும் என்றால் இரண்டு பருவங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைத்தான் பிடிக்க வேண்டும். நீங்கள் சொன்ன இரண்டு காலங்களும் அப்படிப்பட்டவையே.

அவற்றில் மே மாதத்துக்கு ஒரு குறை இருக்கிறது: கடற்பாசி. சர்காசம் என்ற பழுப்பு நிறப் பாசி 2011 முதல் பெருமளவில் கரீபியன் கரைகளில் ஒதுங்கி வருகிறது. வசந்தத்திலிருந்து கோடை முடியும் வரை அதன் வேகம் அதிகம். கரையில் குவிந்து அழுகினால் நாற்றம் தாங்காது. கிழக்கு நோக்கிய கரைகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன. மெக்சிகோவின் பிளாயா டெல் கார்மென், துலூம், அப்புறம் புன்தா கானா எல்லாம் இந்த வரிசையில் வருகின்றன. எல்லா ஆண்டும் ஒரே மாதிரி இராது, எல்லா நாளும் வராது. ஆனாலும் மே மாதம் போகிறவர் கரையின் திசையைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

கான்குனின் ஓட்டல் மண்டலத்தை வரைபடத்தில் பாருங்கள். 7 என்ற எண்ணைப் போல வளைந்திருக்கும். மேலே உள்ள குட்டைக் கை வடக்கு நோக்கியது. எதிரே முகெரெஸ் தீவு இருப்பதால் தண்ணீர் அமைதி, பாசியும் குறைவு. கீழே இறங்கும் நீண்ட கை கிழக்கு நோக்கியது. திறந்த கடல், அலை அதிகம், பாசியும் அதிகம். இரண்டும் சந்திக்கும் முனையில்தான் கோகோ பாங்கோ முதலான இரவு விடுதிகள் நெருக்கமாக இருக்கின்றன. அந்த முனைக்கு நடந்து போகும் தூரத்தில், குட்டைக் கையில் தங்கினால் பகலில் நல்ல கடல், இரவில் நகரமே உங்கள் பொழுதுபோக்கு. ஆனால் ஒன்றை யோசியுங்கள். எல்லாம் அடங்கிய கட்டணம் கொடுத்துவிட்டு ஒவ்வொரு இரவும் வெளியே போய்ச் செலவழித்தால் இரட்டைச் செலவு. ஓரிரு இரவுகள் போதும் என்பவர்களுக்கே இது பொருந்தும்.

மேற்கு நோக்கிய நெக்ரில் கரைக்கும் பாசித் தொல்லை குறைவு. 2025 அக்டோபர் இறுதியில் மெலிசா புயல் ஜமைக்காவின் மேற்குப் பகுதியைக் கடுமையாகத் தாக்கியது. எனவே அங்கே எந்த விடுதியானாலும் எல்லா உணவகங்களும் இயங்குகின்றனவா என்று உறுதி செய்துகொண்டு பதிவு செய்யுங்கள்.

விலையை ஒப்பிடும்போது தலைக்கா அறைக்கா என்று பாருங்கள். விமானத்துடன் சேர்ந்த பேக்கேஜ்களில் விலை பெரும்பாலும் தலைக்குத்தான். அதுவும் இருவர் ஓர் அறையைப் பகிர்ந்தால். சில இணையதளங்கள் அறைக்கு இவ்வளவு என்று காட்டும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் ஒன்று மற்றதைவிடப் பாதி விலை என்று தோன்றும். விமான நிலையத்திலிருந்து விடுதி வரையான வண்டிச் செலவையும் சேருங்கள். புன்தா கானாவில் பாவரோ கரை அரை மணி நேரம். மான்டிகோ பேயிலிருந்து நெக்ரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கான்குனில் அறைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஒரு சுற்றுச்சூழல் கட்டணத்தை வரவேற்பு மேசையில் தனியாக வாங்குகிறார்கள். இது பேக்கேஜ் விலையில் பெரும்பாலும் சேராது. டிப்ஸ் கட்டாயமில்லை என்றாலும் கொடுப்பது வழக்கம். ஒரு டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். சாண்டல்ஸ் விதிவிலக்கு; அங்கே பொதுவாக ஊழியர்கள் டிப்ஸ் வாங்க அனுமதி இல்லை.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அறை. நாள் முழுக்க வெளியே இருக்கப் போகிறவர்களுக்குக் கடல் பார்த்த அறை எதற்கு? தோட்டம் பார்த்த மலிவான அறையை எடுங்கள், மேடைக்கும் டிஸ்கோவுக்கும் தள்ளி வேண்டும் என்று கேட்டு வையுங்கள். ஆடிவிட்டு வந்தவர்களும் எப்போதாவது தூங்கத்தானே வேண்டும். மிச்சமான பணத்தை விடுதியின் தரத்தில் போடுங்கள். மிக மலிவான விடுதிக்கு இறங்காதீர்கள். அங்கே முதலில் அடிபடுவது உணவும் மதுவும்தான். எந்தெந்த மது வகைகள் கட்டணத்தில் சேரும், தனி உணவகங்களில் எத்தனை முறை சாப்பிடலாம், அதற்கு முன்பதிவு வேண்டுமா என்று கேட்டால் விடுதியின் தரம் பாதி புரிந்துவிடும். ஒரே வளாகத்தில் பல விடுதிகள் இருந்தால் பக்கத்து விடுதியின் குளங்களையும் பார்களையும் பயன்படுத்த முடியுமா என்று கேளுங்கள். பொதுவாக உயர்ந்த பிரிவில் தங்குபவர் மற்றதற்குப் போகலாம், மற்றவர் இங்கே வர முடியாது.

போனவுடன் லாபியில் ஒருவர் அன்பாக அழைத்து, காலை விருந்தும் இலவசச் சுற்றுலாவும் தருவதாகச் சொன்னால் அது பெரும்பாலும் 'டைம்ஷேர்' என்று, ஆண்டுதோறும் சில நாள் விடுதியில் தங்கும் உரிமையை விற்கும் கூட்டம். அரை நாள் போய்விடும். மரியாதையாக மறுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஐரோப்பாவையும் யோசித்தால் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் மகலூஃப் முதலான சில கொண்டாட்டப் பகுதிகளில், எல்லாம் அடங்கிய கட்டணத்தில் ஒருவருக்கு நாளுக்கு 6 மதுப் பானங்கள்தான் என்று 2020இல் வரம்பு கொண்டுவந்தார்கள். மதிய உணவுடன் 3, இரவு உணவுடன் 3.

உங்கள் நால்வருக்கும் நான் டிசம்பர் முதல் வாரத்தையே சொல்வேன். புயல் பருவம் முடிந்திருக்கும், பாசி அடங்கியிருக்கும், கிறிஸ்துமஸ் விலை இன்னும் தொடங்கியிருக்காது. கூட்டம் சற்றுக் குறைவான வாரம் என்பதால் பெரிய விடுதியாகப் பாருங்கள். புன்தா கானாவில் ரியூ ரிபப்ளிகா போன்ற ஒன்றையும், மான்டிகோ பேயில் ரியூ ரெகே போன்ற ஒன்றையும் எடுத்துக்கொண்டு, அதே தேதிகளுக்கு விமானம், வண்டி, கட்டணங்கள் எல்லாம் சேர்த்து நால்வருக்கான மொத்தத் தொகையை எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் நிகழ்ச்சி நிரல் கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். எதன் வாரத்தில் பத்து மணிக்கு மேல் அதிக வரிகள் இருக்கின்றனவோ அதைப் பதிவு செய்யுங்கள். மே மாதம்தான் முடியும் என்றால் கான்குனின் அந்தக் குட்டைக் கை. மே மாதக் கடைசித் திங்களன்று வரும் அமெரிக்காவின் நினைவு நாள் விடுமுறையை ஒட்டிய வார இறுதியில் விடுதிகள் நிரம்பி வழியும்; உங்கள் வாரத்துக்குள் அந்த வார இறுதி வந்தால் விலை கொஞ்சம் கூடினாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.